வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓசூருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் நோட்டைத் திறக்கிறேன்.

பாளையங்கோட்டையில் இந்நேரம் சுவரைத் தொட்டால் சுடும். இங்கே காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் காற்று சில்லென்று வருகிறது. சித்திரை மாதத்தில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

மங்கைதான் வரச்சொன்னாள். மருமகள் மாமியாரைத் தானாகக் கூப்பிடுவது அபூர்வம். மார்ச் மாதத்தில் மூன்று முறை போன் செய்துவிட்டாள். "அத்தை, இங்க வந்து இருங்க. பகல் பூரா வீடு காலியாத்தான் கிடக்கு. நிம்மதியா உக்காந்து எழுதலாம்" என்றாள். என் எழுத்தை மதித்து ஒருத்தி கூப்பிடுகிறாளே என்று எனக்குப் பெருமை. தபால் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்திக்கொண்டே குழந்தைகளுக்குக் கதை எழுதியவள் நான். நிம்மதியாக உட்கார்ந்து எழுது என்று யாரும் சொன்னதில்லை.

ஜூன் கடைசிக்குள் பதிப்பகத்துக்குப் பன்னிரண்டு கதை தரவேண்டும். நான்கு முடிந்திருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதி வைக்கிறேன்.

காலை எட்டேகாலுக்கு என் மகன் நம்பி கிளம்புவான். கம்பெனியின் நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பையில் சாப்பாட்டு டப்பா. சிப்காட்டில் பைக்குக்குப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறான். ஒன்பது வருஷமாக அங்கேதான். எட்டரைக்கு மங்கையை வேன் வந்து கூட்டிப்போகும். ரோஜாப்பூ ஏற்றுமதி செய்கிற இடத்தில் அவள் மேற்பார்வை. சாயங்காலம் வரும்போது கை முழுக்க முள் கீறியிருக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே டிவி பார்ப்பாள்.

அதற்குப் பிறகு வீடு எனக்கு. பத்து மணிக்குக் கீரைக்காரி வருவாள். அவள் தெலுங்கில் விலை சொல்வாள், நான் திருநெல்வேலித் தமிழில் பேரம் பேசுவேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாமல் வியாபாரம் முடிந்துவிடும். பதினொன்று முதல் ஒரு மணி வரை எழுத்து. சாப்பாடு, சின்னத் தூக்கம். நான்கு மணிக்கு மேல் எங்கேயோ மழை பெய்து மண் வாசனை மட்டும் இங்கே வரும்.

இப்படி ஒரு கோடைக்காலம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஐம்பத்தொன்பது வயதில் வந்திருக்கிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

எழுத்து ஓடவில்லை. வெந்தயக்கீரை ஆய்ந்தேன். நம்பி இளைத்திருக்கிறான். கேட்டால் வெயில் என்கிறான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆமையைப் பற்றி ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஆமை எவ்வளவு நாள் தின்னாமல் இருக்கும் என்று தெரியவேண்டியிருந்தது. பக்கத்துத் தெரு நூலகத்தில் அந்த மாதிரிப் புத்தகம் இல்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டி இன்னொரு நூலகம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பன்னிரண்டு மணி இருக்கும்.

பேப்பர் படிக்கிற கூடத்தில் நீள மேஜை. ஏழெட்டுப் பேர், எல்லாரும் வயதானவர்கள். ஒருவருக்கு மட்டும் தலைமுடி கறுப்பு. பேப்பரை விரித்துவைத்திருந்தார், ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை. பின்கழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம்பி. வேறு சட்டை போட்டிருந்தான், கோடு போட்ட சட்டை. நீலச் சட்டை பையில் இருந்திருக்கும்.

நான் போய் "ஏல நம்பி, நீ இங்க என்ன செய்த?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். ஏன் மறைந்தேன் என்று தெரியவில்லை. ஏதோ நான்தான் தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொள்ளப் போகிற மாதிரி இருந்தது. அப்படியே வாசலுக்கு வந்து ஆட்டோ ஏறிவிட்டேன். ஆமைப் புத்தகத்தைப் பார்க்கவேயில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு நீலச் சட்டையோடு வந்தான்.

"இன்னைக்கு வேல எப்படிப்பா?" என்றேன்.

"ஆடிட்மா. புனேல இருந்து ரெண்டு பேர் வந்திருந்தாங்க. ஒரு ஆளு பட்டாணி மாதிரி ஒவ்வொரு போல்ட்டையும் உருட்டி உருட்டிப் பாக்கான். மதியம் சாப்பிடவே விடல."

பட்டாணி மாதிரி உருட்டி உருட்டி. இல்லாத ஒரு மனிதனை எவ்வளவு நன்றாகச் சொல்கிறான். மங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

லீவு போட்டிருக்கலாம். ஒரு நாள் தலைவலி என்று போட்டிருக்கலாம். எல்லாவற்றையும் வீட்டில் சொல்லவேண்டுமா என்ன.

மே 1, வியாழன்

மே தினம். எல்லாருக்கும் விடுமுறை. நம்பி காலையிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஃபேனைக் கழற்றித் துடைத்தான். தானே மட்டன் வாங்கி வந்து சமைத்தான். உப்புக் கூடிவிட்டது. இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப்போட்டுச் சரிசெய்தேன். மத்தியானம் மூன்று பேரும் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பேசினோம். நான் வந்த பிறகு அவன் முகம் இப்படி இருந்து பார்த்ததில்லை.

ஏனென்று இப்போது யோசித்தால் புரிகிறது. இன்று அவன் எங்கேயும் போகவேண்டாம். இன்று பொய் சொல்ல வேண்டாம்.

மே 3, சனி

மறுபடியும் போனேன். இந்த முறை அவன் மத்தியானம் வெளியே போகட்டும் என்று எதிரே ஜூஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்தான். நூலகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது, அதன் அடியில் சிமெண்ட் பெஞ்சு. டப்பாவைத் திறந்தான். நான் காலையில் கட்டிக்கொடுத்த புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும். இரண்டு வாய் சாப்பிட்டான். மிச்சத்தை ஒரு பேப்பரில் கொட்டி நாய்க்கு வைத்துவிட்டு, டப்பாவைக் குழாயில் கழுவினான். அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தான்.

அந்த நேரத்தில் உள்ளே போய் நூலக அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். பெயர் நாகரத்னா. தெலுங்கு கலந்த தமிழ். குழந்தைகள் கதை எழுதுகிறேன் என்றதும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"இங்க வயசானவங்கதான் நெறய வருவாங்க போல" என்றேன்.

"ஆமாங்க. ஒரு சார் மட்டும் சின்ன வயசு. பிப்ரவரில இருந்து வராரு. ஒன்பதேகாலுக்கு நான் கதவு தொறக்கும்போது அவரு வாசல்ல நிக்கிறாரு. ரொம்ப மரியாதையான ஆளு. மழை வந்தா ஜன்னல் எல்லாம் அவரே சாத்துவாரு. ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறார்னு நெனச்சேன். ஆனா படிக்க மாட்டேங்கிறாரு."

"அப்படியா."

"எனக்கும் அதே வயசுல ஒரு தம்பி இருக்கான். கேக்கலாம்னு தோணும். என்னத்தைக் கேக்குறது, சொல்லுங்க."

என்னத்தைக் கேட்பது. எனக்கும் அதுதான் தெரியவில்லை அம்மா.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மூன்று மாதம். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே.

மே 5, திங்கள்

வேலை போவது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை. ஊர் உலகத்தில் நடக்காததா. இதைத்தான் அவனிடம் சொல்ல வேண்டும். காலையில் இட்லி தட்டும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "நம்பி, எனக்குத் தெரியும்பா" என்று தொடங்கினால் திருடனைப் பிடித்த மாதிரி இருக்கிறது. "கம்பெனில ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டால் இன்னொரு புனேக்காரனை உண்டாக்குவான். அவன் வாயால் இன்னொரு பொய் சொல்ல வைக்க என்னால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மங்கைக்குத் தெரியாது. புருஷன் மறைத்ததை மாமியார் போட்டு உடைத்தால் அந்தப் பெண் அவனை எந்த முகத்தோடு பார்ப்பாள்? கல்யாணம் ஆகி நாலு வருஷம்தான் ஆகிறது.

என் கதைகளில் இதுபோல ஒரு இடம் வந்தால் ஒரு அணிலோ குருவியோ வந்து சரியான நேரத்தில் சரியானதைச் சொல்லிவிடும். இரண்டு வரியில் முடித்துவிடுவேன். இன்று இரண்டு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எட்டேகாலுக்கு டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டு "வாரேம்மா" என்றான். "போய்ட்டு வா" என்றேன். அவ்வளவுதான்.

மே 6, செவ்வாய்

பூரி. நம்பிக்குப் பிடிக்கும்.

மே 9, வெள்ளி

இந்த நாளை மறக்க முடியாது.

எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன். பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ ஏறிப் போய், ஜூஸ் கடையிலிருந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. பார்த்துவிட்டால் அன்றைக்கு மனது அடங்கும்.

இன்று போனால் நூலகம் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பலகையில் எழுதியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் வரவில்லை, அதனால் தெரியவில்லை. மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். பெஞ்சில் யாரும் இல்லை. நாய் மட்டும் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் இவன் எங்கே போவான்?

போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சட்டத்தை இன்னும் கடைப்பிடிக்கிறான். பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். மலைக்கோயில் படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கிவிட்டது, இறங்குகிறவர்களிடம் "மேல கோடு போட்ட சட்ட போட்ட பையன் யாராவது இருக்கானாய்யா?" என்று கேட்டேன். ஒரு ஆள் "எத்தன வயசும்மா?" என்றார். "முப்பத்தஞ்சு" என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு ஏரிக்குப் போனேன். ஏன் ஏரிக்குப் போனேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். கரையைச் சுற்றி நடந்தேன். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். தண்ணீரை இவ்வளவு நேரம் பார்க்கிறவர்கள் எதையாவது பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சும்மாதான் இருந்தார்கள். அதுவே போதுமாக இருந்தது.

நாலரைக்கு வீடு. கால் வீங்கிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஆறரைக்கு வந்தான்.

"போன் அடிச்சிருக்க. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. தேங்கா வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு."

"முன்னமே சொல்லிருக்கலாம்லா" என்று திரும்பப் போய்த் தேங்காய் வாங்கி வந்தான். வீட்டில் ஏற்கெனவே மூன்று தேங்காய் இருந்தது.

மே 10, சனி

நூலகம் திறந்திருக்கும். நான் போகவில்லை. நடக்க முடியவில்லை.

மே 13, செவ்வாய்

இன்று ஒரு வாசல் திறந்தது. நானே சாத்திவிட்டேன்.

சாயங்காலம் மங்கை வர நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். நானும் அவனும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். டிவி போடவில்லை. திடீரென்று கேட்டான்.

"யம்மா, அப்பா எதுக்காவது பயந்து நீ பாத்திருக்கியா?"

நான் யோசிக்கவே இல்லை. "அப்பாவா? அவிய எதுக்கும் அசர மாட்டாங்க. இடி விழுந்தாலும் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாங்க" என்றேன்.

"ம்" என்றான். உரித்த காயை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான்.

செத்துப்போன மனுஷனைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்கிற பழக்கத்தில் வந்த வார்த்தை. உண்மை அது இல்லை. நம்பி நாலாம் வகுப்புப் படிக்கும்போது அவர் கணக்கெழுதிய ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். நாற்பது நாள் மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குளிக்கவில்லை. யாராவது கதவைத் தட்டினால் உடம்பு நடுங்கும். பிள்ளை கேட்டான், "அப்பாக்கு என்னம்மா?" நான் மஞ்சக்காமாலை என்று சொன்னேன். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னேன். சொன்னதற்குப் பொருத்தமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தேன். அவரும் குடித்தார்.

பொய் சொல்ல அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேனே.

மே 14, புதன்

பதிப்பகத்துக்கு எழுதினேன். ஜூனில் தர முடியாது, மன்னிக்கவும். காரணம் எழுதவில்லை.

மே 18, ஞாயிறு

உழவர் சந்தைக்கு மங்கையும் நானும் போனோம். நம்பி வரவில்லை, தூங்குகிறேன் என்றான். பீன்ஸ் குவியலில் பிஞ்சாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிராமலேயே கேட்டாள்.

"அத்தை, நீங்க லைப்ரரிக்குப் போறீங்களா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. "ஆமா. ஒரு புஸ்தகம் தேடி..."

"எங்க பேக்கிங்ல நைட் ஷிப்ட் பாக்குற பொண்ணு அந்தப் பக்கம்தான் இருக்கா. உங்க மாமியாரை ஜூஸ் கடைல தெனமும் பாக்குறேன் அக்கான்னு சொன்னா." பீன்ஸைக் கூடையில் போட்டாள். "அவரைப் பாத்தீங்களா?"

நான் மறுபடி பீன்ஸைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "பிப்ரவரிலயே தெரியும். அவரு கூட வேல பாத்தவரோட சம்சாரம், ஒரு கல்யாணத்துல வச்சு, உங்க வீட்டுக்காரருக்கு வேற எங்கயாச்சும் கெடச்சுதான்னு கேட்டாங்க. தேடிட்டு இருக்காருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன் தாயி அவன்ட்ட கேக்கல?"

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். ஒரு வாரத்துல சொல்வாரு, மாசம் முடிஞ்சா சொல்வாருன்னு. நாளாக நாளாக, இவ்ளோ நாள் தெரிஞ்சும் நீ ஏன் கேக்கலன்னு அவரு என்னைக் கேட்டுடுவாரோன்னு பயமாயிடுச்சு. இப்ப எனக்கும் வாய் வரல."

பின்னால் ஒரு வண்டிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தான். இரண்டு பேரும் ஒதுங்கி முட்டைக்கோஸ் கடை ஓரமாக நின்றோம். அங்கே வைத்துத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"மார்ச்ல ஒரு நாள் பீரோவைத் தொறந்து இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வச்சுப் பாத்துட்டு இருந்தாரு. என்னைக் கூப்பிட்டு, இந்த ஃபைல் இங்க இருக்கு, ஞாபகம் வச்சுக்கோன்னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு. மறுநாள் காலைல உங்களுக்குப் போன் பண்ணேன்."

முதல் போன். 'வந்து நிம்மதியாக எழுதுங்கள்.'

"வீட்ல ஒரு ஆள் இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றாள். "உங்ககிட்ட உண்மையச் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். மன்னிச்சுக்கங்க அத்தை."

அவள் அழவில்லை. கையில் ரோஜா முள் கீறல் வரிவரியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு முட்டைக்கோஸ் வாங்கினோம்.

மே 19, திங்கள்

என் எழுத்துக்காகக் கூப்பிடவில்லை. அதை எழுதிவிட்டால் ஆறும் என்று எழுதுகிறேன்.

முதலில் அதுதான் உறுத்தியது. மகன் இப்படிக் கிடக்கும்போது எனக்கு அது உறுத்தியது. நான் எப்படிப்பட்ட மனுஷி என்று எனக்கே தெரியவில்லை. அமைதியான பகல், எனக்கென்று ஒரு ஜன்னல், காற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேனே. என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறாள், நான் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் தெரியும். காலையில் ஒருத்தி டப்பா கட்டுகிறாள், ஒருத்தி நீலச் சட்டையை இஸ்திரி போடுகிறாள், ஒருவன் போட்டுக்கொண்டு போகிறான். யாரால் நிறுத்த முடியும் என்று தெரியவில்லை.

மே 21, புதன்

நிறுத்தினேன். திட்டம் எதுவும் இல்லை. நேற்று வரை யோசித்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

எட்டேகாலுக்கு நம்பி வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தான். மங்கை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் டப்பாவோடு வந்தேன். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"நம்பி, இன்னைக்கு நானும் வாரேன்."

"எங்கம்மா?"

"நீ போற எடத்துக்கு."

சிரித்தான். "கம்பெனிக்குள்ள எல்லாரையும் விட மாட்டாங்க."

"லைப்ரரிக்குள்ள விடுவாங்கல்லா."

ஒரு ஷூ போட்டிருந்தான், இன்னொன்று கையில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி மங்கையைப் பார்த்தான். அவள் அதிர்ச்சியடைந்திருந்தால் அவன் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். அவள் சீப்பை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு பேருக்குமா" என்றான்.

கேள்வி மாதிரிக் கேட்கவில்லை. பிறகு குனிந்து, போட்டிருந்த ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகிவிட்டது. நகத்தால் நெம்பி நெம்பிப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே வேன் ஹாரன் அடித்தது, மங்கை போகவில்லை. வேன் போய்விட்டது.

"ஜனவரி இருபத்தொம்போது" என்றான், கயிற்றைப் பார்த்துக்கொண்டே. "கேன்டீன்ல நிக்க வச்சுப் பேர் வாசிச்சாங்க. நாப்பத்தியோரு பேர். என் பேரைத் தப்பா வாசிச்சாங்கம்மா. நம்பிராஜனை நம்பியார்னு. நம்பியாருங்கறது நான் இல்லன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா நின்னேன். அப்புறம் எம்ப்ளாயி நம்பர் வாசிச்சாங்க."

மங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தத்தான் மாசாமாசம் சம்பளம்னு கொண்டு வந்தேன். அன்னைக்கே சொல்லிருக்கலாம். அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல். மறுநாள் சொல்லலாம்னு சட்டையப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். ஒரு நாள் போட்டதுதான்."

நான் அவன் முன்னால் உட்கார்ந்து, மஞ்சக்காமாலையைப் பற்றிச் சொன்னேன். கடை மூடியது, நாற்பது நாள், கதவு தட்டினால் அப்பாவுக்கு நடுங்கியது, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்ப அந்தக் கீழாநெல்லி?" என்றான்.

"சும்மாதான்."

"வாந்தி எடுத்துட்டே குடிச்சாங்களேம்மா. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"நீ பாக்கணும்னுதான்யா குடிச்சாங்க."

அப்போதுதான் அழுதான். ஒரு காலில் ஷூவோடு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி. மங்கை அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். டப்பா இன்னும் என் கையில் இருந்தது.

மே 22, வியாழன்

சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

இன்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். "நாலு மாசமா நான் நாடகம் போட்டத உக்காந்து வேடிக்க பாத்திருக்க" என்று அவன் கத்தினான். "நீங்க என்னைய நம்பியிருந்தா நான் ஏன் பாக்கணும்?" என்று அவள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நான் தண்ணீர்க் குடத்தைக் கழுவினேன். சுத்தமாக இருந்த குடம்.

மே 26, திங்கள்

பதினொரு மணி வரை தூங்குகிறான். கதவுக்கு வெளியே போய் நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். ஒருமுறை கதவைத் திறந்துவிட்டான்.

"எம்மேல கண்ணு வச்சுக்கிட்டே இருக்காதம்மா. மூச்சு முட்டுது."

"சரிப்பா" என்றேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போய் நின்றேன்.

யாரும் சொல்லாமலே, பீரோவிலிருந்து அந்த இன்சூரன்ஸ் ஃபைலை மங்கை எடுத்து என் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். அதை வேறு இடத்தில் வைத்தால் என்ன ஆகிவிடப்போகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

மே 30, வெள்ளி

மழை. நம்பி தானாக எழுந்து ஜன்னல்களைச் சாத்தினான். மங்கையோடு இரண்டு வார்த்தை பேசினான். தோசைக்குச் சட்னி வேண்டுமா, வேண்டாமா. நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு இடத்துக்கு எழுதிப்போட்டிருந்தான். ஒன்று கிருஷ்ணகிரி பக்கம், இன்னொன்று கோயம்புத்தூர். கோயம்புத்தூர்க்காரர்கள் இன்று பதினொரு மணிக்குப் போனில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் மங்கை வேலைக்குக் கிளம்பும்போது அவனிடம் ஒன்றும் சொல்லாமல், என்னிடம் மட்டும், "சத்தம் இல்லாமப் பாத்துக்கங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் வீட்டில் இருந்தால் அவனுக்குப் பேச வராது என்று தோன்றியது. நனைத்து வைத்த போர்வை, பெட்ஷீட் எல்லாவற்றையும் பக்கெட்டில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

நல்ல வெயில், கூடவே காற்றும். பெட்ஷீட்டுகளை உலர்த்தினேன். கீழே ஜன்னல் திறந்திருந்ததால் அவன் குரல் கேட்டது. இங்கிலீஷ், நடுவில் தமிழ், மறுபடி இங்கிலீஷ். "எஸ் சார்" என்று நிறைய முறை சொன்னான். ஒருமுறை சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அப்படியே கையில் துணியோடு நின்றேன். பிறகு, "நாலு மாசம் கேப் சார்... இல்ல சார், எங்கயும் போகல" என்று சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு குரல் சிறுத்துவிட்டது.

பேச்சு நின்றது.

கீழே இறங்கிப் போகலாம். போய் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவன் முகத்தை அவன் சரிசெய்துகொள்வதற்குள் நான் போய் நிற்கக் கூடாது. கால் படிப் பக்கம் போனது, திருப்பி இழுத்துக்கொண்டேன். பக்கெட்டில் பெரிய போர்வை மட்டும் மிச்சம். ஒருத்தியாகப் பிழிய முடியாத கனம். அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். புடவை முழுக்க நனைந்துவிட்டது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கீழே சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொல்லிவிட்டேன், வேலைக்காக இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். புனேயிலிருந்து யாரையும் கூட்டிவரவில்லை.

"கெடைக்கலம்மா" என்றான்.

"சரி" என்றேன்.

போர்வையின் ஒரு முனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப் போனான். அவன் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம் முறுக்கினேன். தண்ணீர் கொட்டியது.

"இன்னும் நல்லா முறுக்கு" என்றான். முறுக்கினேன்.